பிள்ளையார்பாளையத்துச் சுவரில் எகிறிய கைகள்

காஞ்சிபுரத்தில் எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. தங்கையின் கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுப்பது ஒன்று. அது அப்பா இட்ட கட்டளை. இன்னொன்று நானே இழுத்து விட்டுக்கொண்டது. மலேசியாவில், தைப்பிங்கில் நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எந்த விளையாட்டுக்காரருக்குப் பலம் அதிகம், யாருக்கு எகிறு விசை அதிகம் என்று ஒப்பிட வேண்டும். பலம் என்பது நிதானமாகப் பாரம் தூக்குவது. எகிறு விசை என்பது ஒரே நொடியில் உடம்பு மொத்தமும் வெடித்துக் கிளம்புவது. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர்களோடு பதினைந்து வருஷமாக மல்லுக்கட்டும் உடற்பயிற்சி ஆசிரியை நான்.

பாதிக் கட்டுரையை ஊரிலேயே எழுதிவிட்டேன். அதில் எடை தூக்குகிறவர்களைப் பற்றி இப்படி ஒரு வரி: 'இவர்கள் எருமைக்கடா மாதிரி, பாரத்தைத் தூக்குவார்கள், தங்களைத் தூக்கிக்கொள்ள மாட்டார்கள்.' ஒருவரைக்கூட அளந்து பார்க்காமல் எழுதியது. எழுதிவிட்டு நானே இரண்டு தரம் படித்து ரசித்தேன், வெட்கக்கேடு.

புதன்கிழமை காலை போய்ச் சேர்ந்தேன். வழியில் ஆவணி மழை. பஸ் கூரை மேல் இருந்த என் பெட்டியின் தலையில் யாரோ ஒரு புண்ணியவான் எண்ணெய் டின்னை ஏற்றியிருக்கிறார். கையால் அமுக்கினால் முள் நகர்ந்து பலத்தைக் காட்டும் கருவி ஒன்றைப் பள்ளியிலிருந்து கடன் வாங்கி வந்திருந்தேன். அதன் முள் படுத்தது படுத்ததுதான். சுவரில் குறி வைப்பதற்காகக் கொண்டுவந்த சாக்பீஸ் ஒரு டப்பா முழுவதும் கரைந்து கூழாகிவிட்டது. அளவு நாடா மட்டும் பிழைத்தது.

பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையில் ஜட்கா வண்டி நின்றுவிட்டது. மழை விட்ட வெயிலில் புடவையின் நீள இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள்.

"பாவு போட்டுக்கினு இருக்காங்கம்மா. கலெக்டர் வந்தாலும் நிக்கத்தான் வேணும்," என்றார் ஜட்காக்காரர்.

எங்கள் ஊரில் சைக்கிள் ஒன்று குறுக்கே நின்றால் பத்து ஹாரன் அலறும். இங்கே ஒரு தெருவே நூலுக்காக மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. எனக்குப் பொறுமை கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நூலுக்கு அடியில் புகுந்தேன். "யாரும்மா அது? குனி, குனி! கொண்டை மாட்டிக்கப் போவுது!" என்று ஒரு பெண் அலறினாள். சித்தப்பா வீட்டு வாசல்வரை வாத்து நடை நடந்தேன். மாணவிகளுக்கு நான் தண்டனையாகக் கொடுக்கும் அதே நடை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. அப்பா மலாயாவுக்குக் கப்பலேறியபோது இவர் தறியை விட்டு நகர மறுத்தவர். நாடு மலேசியா ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன, இவருக்கு நாங்கள் இன்னும் மலாயாக்காரர்கள்தான். மகன் ஏகாம்பரம் பகலில் தறி, சாயங்காலம் சடுகுடு. மகள் கஸ்தூரிக்கு இருபத்திரண்டு வயது. கணக்கில் புலி என்று சித்தி சொன்னாள். ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது அவள் நின்ற விதம். தோளைக் குறுக்கி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, நிலைப்படியில் யாரோ இடிக்கப்போகிற மாதிரி நின்றாள்.

காரணம் மத்தியானம் தெரிந்தது. கஸ்தூரி ஐந்தடி ஏழு அங்குலம். எங்கள் வம்சத்து வாகு அது, நானும் அதே உயரம்தான். எனக்கு வாய்த்தவர், "நாற்காலி போட்டால்தான் தாலி கட்டுவேன்," என்று மணவறையிலேயே கேலி பேசியவர். கஸ்தூரிக்கு அப்படிப்பட்ட ஆள் இன்னும் வரவில்லை. இரண்டு இடம் வந்து தட்டிப்போயிற்று. முதலில் வந்தவன் தெருமுனையில் நின்று, "பொண்ணா அது, கொடிமரம்!" என்று சொன்னது வீடுவரை கேட்டிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து மூன்றாவது வரன் வருகிறது. பேர் நடராஜன், சைக்கிள் கடை வைத்திருக்கிறார்.

"பையன் கொஞ்சம் குட்டையாம். தரகர் சொன்னாரு," என்றாள் சித்தி, குரலைத் தாழ்த்தி. "அதான் இவள உக்கார வெச்சே காட்டிடலாம்னு உங்க சித்தப்பா சொல்றாரு. சுவத்துக்கெல்லாம் வெள்ளையடிச்சு வெச்சிருக்குது. இதுவும் தட்டிப்போச்சுன்னா மனுஷன் தாங்க மாட்டாரு."

"உட்கார்ந்தபடியே குடித்தனம் பண்ணுவாளா?" என்று கேட்டேன்.

பிறகு தனியாக இருக்கும்போது கஸ்தூரியைக் கேட்டேன், உனக்கு எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேண்டும் என்று.

"குட்டையோ நெட்டையோ எனக்கு ஒண்ணும் இல்லக்கா. என்னப் பாத்து பயப்படாத ஆளா இருந்தா போதும்," என்றாள்.

வியாழக்கிழமை சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனோம். புடவை எடுக்கிற வேலை அரை மணியில் முடிந்தது. கடைக்காரருக்கே ஏமாற்றம். மிச்ச நேரத்தைக் கோயில் இட்லிக்கு ஒதுக்கினேன். மூங்கில் குடலையில் இலை போட்டு வேகவைத்தது, மிளகும் சுக்கும் நெய்யுமாக, முழங்கை கனம். எங்கள் ஊர் இட்லியை இதன் பக்கத்தில் வைத்தால் பஞ்சு என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதையும் வாங்கினேன். கஸ்தூரி முதல் தடவையாகச் சிரித்தாள்.

அங்கேதான் பெருமாள் வாகனம் சுமக்கும் வரதன் என்பவரைப் பார்த்தேன். தோளில் தேங்காய் அளவுக்குக் காய்ப்பு. கட்டுரைக்கு இவரை விடக்கூடாது என்று, நாளைக்கு வந்து எகிறிக் காட்டுவீர்களா என்று கேட்டேன்.

"எகிறவா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வேலையே எகிறாம நடக்கறதுதாம்மா. பெருமாள் குலுங்கக் கூடாது. பாரம் தூக்கச் சொல்லு, வர்றேன்."

பலத்துக்கும் எகிறு விசைக்கும் உள்ள வித்தியாசத்தை இத்தனை தெளிவாக நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சித்தப்பா வெளியே போயிருந்த நேரத்தில், ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஏகாம்பரத்தின் சடுகுடுக் குழுவில் நாலு பேர். தபால் ஆபீஸ் குமாஸ்தா தாமோதரன் தலைமையில் வாலிபால்காரர்கள் மூன்று பேர். இந்தத் தாமோதரன் ஆறடி உயரம், அதை ஒரு நிமிஷமும் மறக்காத ஆள். ஓரிக்கையிலிருந்து பாலாற்று மணலில் ஃபுட்பால் ஆடும் மூன்று பேர். கடைசியாக வரதன். மொத்தம் பதினோரு பேர். பாதிப் பேருக்கு மலாயா டீச்சரைப் பார்க்கும் ஆசை, அவ்வளவுதான்.

முதலில் பலம். முள் படுத்த கருவியை நம்பிப் பிரயோஜனம் இல்லாததால் சித்தியின் ஆட்டுக்கல்லை வாசலுக்கு உருட்டினோம். இடுப்பு உயரத்துக்கு எத்தனை தடவை தூக்குகிறார்கள் என்று கணக்கு. தாமோதரன் மூன்று தடவையில் மணிக்கட்டு பிசகிவிட்டது என்றார். ஃபுட்பால்காரர்கள் நாலு, ஐந்து. ஏகாம்பரம் ஒன்பது. வரதன் துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு, மழை எப்போது வரும் என்று என்னிடம் பேசிக்கொண்டே பதினைந்து தூக்கினார். "போதும் அண்ணே, மாவு ஆட்டணும்," என்று சித்தி உள்ளேயிருந்து கத்திய பிறகுதான் இறக்கினார்.

அடுத்தது எகிறு விசை. முறை சுலபமானது. சுவரை ஒட்டி நின்று குதிகால் தரையில் பதிய, கையை உயர்த்தி ஒரு குறி. பிறகு நின்ற இடத்திலிருந்தே எகிறி இன்னொரு குறி. மேல் குறியிலிருந்து கீழ்க் குறியைக் கழித்தால் வருவதுதான் எகிறு விசை. உயரம் இருந்த சுவர் சித்தப்பா வீட்டு முன்சுவர் ஒன்றுதான். சாக்பீஸ் பட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்று சித்தியிடம் நான்தான் சத்தியம் செய்தேன்.

சாக்பீஸ்தான் கூழாகிவிட்டதே! அதற்கு ஏகாம்பரம் ஒரு வழி கண்டுபிடித்தான். பக்கத்துச் சாயக்காரர் வீட்டிலிருந்து கொட்டாங்கச்சி நிறைய அரக்குச் சாயம் வாங்கிவந்துவிட்டான்.

"சாக்பீஸ் காத்துல பறந்துடும்க்கா. இது பளிச்சுனு தெரியும்," என்றான்.

நான் யோசித்திருக்க வேண்டும். பட்டுக்குப் போடுகிற சாயம். ஐம்பது தரம் துவைத்தாலும் போகாது என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய சாயம். எந்தச் சாயம் அழியாது என்று தேடித் தேடியே பழகியவனுக்கு, அழிகிற சாயம் ஒன்று தேவைப்படலாம் என்பது தோன்றவே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. அளக்கிற வெறி அப்படி.

ஆரம்பித்ததும் இன்னொரு கூத்து. கீழ்க் குறி எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு கௌரவம் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். தாமோதரன் கட்டை விரலில் நின்றார். ஏகாம்பரம் கழுத்தெல்லாம் நீட்டினான். அப்படி எக்கினால் அவர்கள் கணக்குத்தான் குறையும் என்று நான் கரடியாகக் கத்தியும் ஒருவருக்கும் ஏறவில்லை. நாடாவும் நோட்டும் ஏறி அளக்க முக்காலியுமாக நின்ற கஸ்தூரிக்கு மட்டும் முதல் தடவையிலேயே புரிந்தது.

"குதிகால இறக்குங்க தாமோதரண்ணே. கழிக்கறப்ப உங்களுக்குத்தான் நஷ்டம்," என்றாள்.

விரல் நுனியைத் தொட்டால் போதும் என்றேன். அவர்கள் உள்ளங்கை முழுவதும் முக்கி எடுத்துப் பளார் பளார் என்று சுவரை அறைந்தார்கள். ஒவ்வொரு ஜோடிக் கைக்கும் பக்கத்தில் கஸ்தூரி ஒரு குச்சியைச் சாயத்தில் தொட்டுப் பேர் எழுதினாள். தாமோதரன் இருபத்திரண்டு அங்குலம். ஓரிக்கைக்காரர்களில் ஒருவர் இருபத்தொன்று. ஏகாம்பரம் இருபது. பாரத்தில் எல்லாரையும் தோற்கடித்த வரதன், எனக்காக ஒரே ஒரு தடவை எகிறினார். ஒன்பது அங்குலம். "பெருமாள் பாத்துக்கினு இருந்திருந்தா இதுவும் வராது," என்று சிரித்துக்கொண்டே போனார்.

சித்தப்பா திரும்பி வந்து பார்த்தபோது வெள்ளைச் சுவரில் அரக்குக் கைகள் காய்ந்திருந்தன. என்னைத் திட்ட முடியாது, விருந்தாளி. ஏகாம்பரத்தைத் திட்டித் தீர்த்தார். "நாளன்னிக்கு மனுஷாளு வராங்கடா! இது வீடா, கசாப்புக் கடையா?" என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது.

சனிக்கிழமை முழுவதும் நானும் ஏகாம்பரமும் அந்தச் சுவரோடு போராடினோம். சோப்பு, சீயக்காய், புளி, கடைசியில் செங்கல் தூள். சாயம் அசையவில்லை. சாயக்காரரே வந்து பார்த்தார். "நம்ம சரக்கு போவாதுங்க," என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். மேலே வெள்ளையடித்தோம். காய்ந்ததும் கைகள் ரோஜா நிறத்தில் மறுபடி எட்டிப் பார்த்தன. இன்னொரு கோட்டிங் அடித்தோம். அப்போதும் பேரோடு பளிச்சென்று தெரிந்தன. அந்த ஆயாசத்திலும் ஒன்றைக் கவனித்தேன். நான் அளந்தது பதினோரு பேர். சுவரில் பன்னிரண்டு ஜோடி இருந்தன. கடைசி ஜோடிக்குப் பேர் இல்லை. தெருவில் போன எவனோ கைவரிசை காட்டியிருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வேலூர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தரகர். 'கொஞ்சம் குட்டை' என்று தரகர் சொன்னது மரியாதைக்கு. நடராஜன் ஐந்தடி மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்க மாட்டார். ஆனால் கழுத்து தூண் மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னாங்க இது, சொவரெல்லாம் கை?"

"திருஷ்டிக்குங்க," என்றாள் சித்தி, கண் சிமிட்டாமல். அந்தச் சாமர்த்தியத்துக்கு நான் அவளுக்கு ஒரு கோப்பையே கொடுப்பேன்.

உள்ளே பஜ்ஜியும் கேசரியும் வந்தன. காபி தம்ளர்களோடு கஸ்தூரி வந்தாள். தோள் குறுகி, முழங்கால் மடங்கி, ஒரே ஓட்டமாக வந்து பாயில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் மடக்கி வைத்திருந்த காலின் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் நெற்றியில் வியர்வை. முடிந்தது, இதுவும் தட்டிப்போகப் போகிறது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையோ ஜன்னல் வழியாக வாசல் பக்கமே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க மாட்டாமல் கேட்டார்:

"திருஷ்டிக்குன்னு சொன்னீங்க. பக்கத்துல தாமோதரன், ஏகாம்பரம்னு பேரு போட்டிருக்குதே. நின்ன கை ஒண்ணு, எகிறின கை ஒண்ணு. ஜம்ப் பாத்தீங்களா?"

சித்திக்கு முகம் செத்துவிட்டது. நான்தான் ஒப்புக்கொண்டேன். தப்பு முழுவதும் என்னுடையது, பள்ளிக்கூடக் கட்டுரை, சாயம் என்று கொட்டித் தீர்த்தேன்.

"அட!" என்று எழுந்துவிட்டார் மனுஷன். "நாங்களும் பாப்போம்ங்க, கரியில. பத்து வருஷமா வெயிட் தூக்கறேன் நான். ஒரு தபா எகிறிப் பாக்கட்டுமா?"

"டேய், பொண்ணு பாக்க வந்தியா, ஆட்டம் ஆட வந்தியா?" என்று அம்மா கடிந்துகொண்டார். அதற்குள் அவர் வாசலுக்குப் போய் வேட்டியை மடித்துக் கட்டியாகிவிட்டது. ஏகாம்பரம் கொட்டாங்கச்சியைத் தேடி எடுத்துவந்தான். எடை தூக்குகிறவர்! நான் எழுதிய எருமைக்கடா வரி நினைவுக்கு வந்தது.

அவர் சுவரை ஒட்டி நின்றார். குதிகாலை ஒரு நூல்கூடத் தூக்கவில்லை. கையை உயர்த்தி வைத்த குறி அந்தச் சுவரிலேயே எல்லாருக்கும் கீழே விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் சட்டை செய்யவில்லை. கையைப் பின்னால் வீசினார், உட்கார்ந்தார், கிளம்பினார். பளார்.

குறி தாமோதரனின் கைக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

"பரவால்ல மாப்ள, ஒரு சாண்தான். தாமு ஆறடி ஆளு," என்று ஏகாம்பரம் ஆறுதல் சொன்னான். அம்மாவின் முகம் சுருங்கியது.

"தப்பு!"

கஸ்தூரியின் குரல். எல்லாரும் திரும்பினோம். கையில் நாடாவோடு வாசல்படி இறங்கி வந்துவிட்டாள். "மேல இருக்கிறது கணக்கில்ல. நின்ன கைய கழிக்கணும்," என்று சொல்லிக்கொண்டே நாடாவின் ஒரு நுனியை மாப்பிள்ளையிடமே நீட்டினாள். "கீழ புடிங்க." அவர் பிடித்தார். அவள் முக்காலியில் ஏறி மேலே எட்டிப் படித்துவிட்டு இறங்கினாள்.

"இருவத்தேழு. தாமோதரண்ணே இருவத்திரண்டு. இவருதான் மொதல்ல."

தெருவே கைதட்டியது. அப்போதுதான் கவனித்தேன், கஸ்தூரி முழு உயரத்துக்கு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் தலை அவள் காதுக்குக் கீழே இருந்தது. சித்தப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை இன்னும் சுவரைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். "இங்க ஒரு ஜோடிக்கு பேரு இல்லியே. யாருது?"

கஸ்தூரி நாடாவைச் சுருட்டினாள்.

"என்னுது," என்றாள் கஸ்தூரி. "எல்லாரும் போனப்புறம் எகிறிப் பாத்தேன். பதினாலுதான் வந்துச்சு."

அவர் போய் அவளுடைய நின்ற கைக்கு அடியில் தன் கையை வைத்தார். இரண்டுக்கும் நடுவில் ஐந்து அங்குலம் இருந்தது. விரலால் அளந்து பார்த்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். பயம் என்பது மருந்துக்கும் இல்லாத பார்வை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இத எட்ட எனக்கு அஞ்சு அங்குலம் எகிறணும்," என்றார். "இருவத்தேழு இருக்குது. தாராளமா போதும்."

அவருடைய அம்மாதான் முதலில் சிரித்தார்.

அன்று சாயங்காலம் கட்டுரையில் அந்த எருமைக்கடா வரியை அடித்துவிட்டு, 'எடை தூக்குபவர், ஒருவர், இருபத்தேழு அங்குலம், முதலிடம்' என்று எழுதினேன். கட்டுரையாசிரியர் மன்னிப்புக் கேட்டதும் அடுத்த வரியில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நான் புறப்படும்போது, மூன்றாவது தடவை வெள்ளையடிக்க ஆள் வாளியோடு வந்து நின்றார். சுவரில் பேர் இல்லாமல் இருந்த இரண்டு ஜோடிக் கைகளுக்குப் பக்கத்தில் கஸ்தூரி, நடராஜன் என்று புதிதாக எழுதியிருந்ததைச் சித்தப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த சொவத்துக்கெல்லாம் அடிப்பா," என்றார். "இத மட்டும் வுட்டுடு."